காலை ஆறு விக்டருக்கு வந்த ஓநாய்

வீடு வீடாகக் கடிதம் கொண்டுசேர்த்த கால்களுக்கு ஓய்வு கொடுத்த பிறகும், வீடு வீடாகப் புத்தகம் கொண்டுசேர்த்துக் கொண்டிருக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர், மதிப்பிற்குரிய செல்லப்பன் ஐயா அவர்களே! பேர் என்ன என்று கேட்டால்கூடப் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பேரைச் சொல்கிற பெரியோர்களே! வெங்காயம் நறுக்கிய கையோடு வந்தாலும் வரி விடாமல் வாசித்துவிட்டு வந்திருக்கும் பெரம்பலூர்த் தாய்மார்களே! மீன்சுருட்டியிலிருந்து மூன்று வண்டி மாறி வந்த முத்தான தோழர்களே! பின்னால் இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் வாசற்படியிலேயே நிற்கிற நண்பர்களே, தயவுசெய்து உள்ளே வாருங்கள். படியில் யாராவது நின்றால் என் கை தானாக விசிலைத் தேடுகிறது!

கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இவன் எப்போது இறங்குவான் என்று காத்திருக்கும் என் ஓட்டுநர் தங்கராசு அவர்களே! எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையின் ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் விக்கிரமங்கலத்து எழுத்தாளர், என் உடன்பிறவாத் தங்கை வெற்றிச்செல்வி அவர்களே! பெரம்பலூருக்கும் விக்கிரமங்கலத்துக்கும் இடையே பதினேழு ஆண்டுகளாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் இந்த முத்தமிழ்செல்வனின் வணக்கம், முன்வாசலில் ஏறி ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்காரட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நம் வட்டத்தின் ஆண்டு விழாவில் பத்துப் பேர் பத்துப் புத்தகங்களைப் பாராட்டுவார்கள். பதினோராவது ஆள் ஒருவன் மட்டும், தன்னை ஏமாற்றிய புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதுவும் எழுதியவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுவது கோழைத்தனம், முகத்துக்கு முன்னால் பேசுவதே விமர்சனம் என்று செல்லப்பன் ஐயா போட்ட சட்டம் இது. இந்த ஆண்டு அந்தப் பதினோராவது ஆள் நான்தான்.

புத்தகத்தின் பேர், 'வெண்பனி ஓநாயின் காதலி'.

சிரிக்காதீர்கள்! பேரைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! காதல் கதை படித்திருக்கிறோம், பேய்க் கதை படித்திருக்கிறோம். பகலில் மனிதனாகவும் முழுநிலா நாளில் ஓநாயாகவும் இருக்கிற ஒருவனை ஒரு பெண் காதலிக்கிறாள் என்று நம் ஊர்ப் பெண்ணொருத்தி எழுதிய கதை படித்திருக்கிறோமா? விக்கிரமங்கலத்துப் பெண்! என் வண்டி போகிற ஊர்ப் பெண்! வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லை, பேருந்து நிலையத்திலேயே பிரித்தேன். விசில் ஒரு கையில், ஓநாய் ஒரு கையில்!

கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். பனி பெய்யும் ஓர் அயல்நாட்டுச் சிற்றூர். அங்கே லில்லி என்றொரு பெண். விக்டர் என்றொரு வாலிபன். முழுநிலா எழுந்தால் விக்டர் ஓநாயாகிவிடுவான். அவனை யாராவது பேர் சொல்லி, வாய் நிறைய, மனசு நிறையக் கூப்பிட்டால் மறுபடியும் மனிதனாவான். இந்த ஒரு விதியை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நல்ல கதைதானே? நாக்கில் நீர் ஊறும் கதைதானே? ஆனால் நடந்தது என்ன? லில்லி அத்தியாயத்துக்கு ஒருமுறை மயங்கி விழுகிறாள். விக்டர் அத்தியாயத்துக்கு இருமுறை உறுமுகிறான். "நீ எனக்குரியவள்" என்கிறான். "எனக்கு மட்டுமே உரியவள்" என்கிறான். "என்னைத் தவிர யாருக்கும் உரியவள் அல்ல" என்கிறான். அடேய், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன்கூட இத்தனை தடவை சொல்லமாட்டான்! அவன் மார்பு பளிங்கு, அவன் கண் நீலம், அவன் மூச்சு நெருப்பு. சரி, அந்த ஆள் என்ன சாப்பிடுவான், எதைப் பார்த்தால் சிரிப்பான், அவனுக்கு அம்மா உண்டா? ஒரு வரி இல்லை! தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். எந்தப் பெண்ணாவது இப்படி மூச்சுக்கு முந்நூறு தடவை மயங்குவாளா?

அதோ, மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வருகிறது. "மயங்கி விழுந்தா வெங்காயத்தை யாரு தம்பி பிடுங்குறது?" கேட்டீர்களா? அவர்தான் மலர்க்கொடி அக்கா. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர், தினமும் என் வண்டிக்கு வருகிறவர். இந்தக் கதையில் அக்காவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஏனென்றால், மயக்கத்தையும் உறுமலையும்கூட நான் மன்னித்திருப்பேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கவிழ்த்தது. "காலை ஆறு விக்டருக்கு விக்டர் எழுந்தான்."

ஆறு விக்டரா? ஓநாய்கள் கூட்டமாகத் திரியும் என்பார்களே, ஒரு கூட்டத்துக்கே ஒரே பேர் வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மேலே போனேன். பதினோராம் பக்கத்தில், "கோயிலில் விக்டர் அடித்தது. ஊரே கூடியது." என்னய்யா இது, கதாநாயகன் கோயிலில் போய் யாரை அடித்தான்? அதுவும் 'அடித்தான்' இல்லை, 'அடித்தது'! அப்போது அவர் ஓநாயாக இருந்திருப்பார், அதனால்தான் அஃறிணை என்று எனக்கு நானே இலக்கணம் சொல்லிக்கொண்டேன். இருபத்தேழாம் பக்கத்தில் லில்லி அவனுக்காக அரை விக்டர் நேரம் காத்திருக்கிறாள். அரை ஆள்! முப்பத்திரண்டாம் பக்கத்தில் அவன் அவளுடைய விக்டர்க்கட்டைப் பற்றுகிறான். நாற்பதாம் பக்கத்தில், காதலின் உச்சத்தில், கண்ணீர் மல்க அவள் கூவுகிறாள்: "என் கண்விக்டரே!"

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தை முறைத்துக்கொண்டு நின்றேன். மலர்க்கொடி அக்கா கேட்டார்.

"என்ன கண்டக்டர் தம்பி, டிக்கெட்ட குடுக்காம பொத்தகத்த மொறைச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஆறு விக்டர் வர்றானுங்க அக்கா, ஒருத்தனும் வெளங்க மாட்டேங்குறான்."

"எங்க, வாய்விட்டுப் படிங்க பாப்போம்."

படித்தேன். ஆறு விக்டர், அரை விக்டர், கோயிலில் அடித்த விக்டர், கண்விக்டர், எல்லாம் படித்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, அது விக்டரு இல்ல. எங்க ஊட்டுக்காரரு பேரு!"

"உங்க ஊட்டுக்காரரு பேரு என்னக்கா?"

"அத நான் சொல்லுவனா? கோயில்ல அடிப்பாங்கள்ல. கையில கட்டுனா நேரம் பாப்பாங்கள்ல. ஆறு, அரைன்னு பின்னாடியே வருமுல்ல. முப்பத்தொரு வருசமா அந்தச் சொல்லு வர்ற எடத்துல எல்லாம் நான் வேற சொல்லுதான் போட்டுப் பேசுறேன். 'எத்தனை அடிச்சிருக்கு'ன்னுதான் கேப்பேன். அந்தப் புள்ளையும் என்னைய மாரியே அந்தப் பேர தூக்கிட்டு வேற பேர போட்டிருக்கு!"

மணி! மக்களே, மணி! காலை ஆறு மணிக்கு மணி எழுந்தான். கோயிலில் மணி அடித்தது. அரை மணி நேரம் காத்திருந்தாள். மணிக்கட்டைப் பற்றினான். என் கண்மணியே!

பட்டம் வாங்கிய பண்டிதர் கண்டுபிடிக்கவில்லை, பதிப்பித்தவர் கண்டுபிடிக்கவில்லை. புருசன் பேரைச் சொல்லாத பெண் ஒருவர், ஒரு சொல் இல்லாமல் முப்பத்தொரு வருசம் வாழ்ந்துவிட்ட பெண் ஒருவர், அந்தச் சொல் காணாமல் போன இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். இது எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுப்பார்கள்?

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? நிறுத்தத்திலேயே நிற்காத வாய் இது, அங்கேயா நிற்கும்! மறுநாள் முதல் என் வண்டியில் அதுதான் பேச்சு. "எத்தனை விக்டர் ஆச்சு?" "எட்டு விக்டர் வண்டி போயிடுச்சா?" "விக்டர் ஆச்சு, விசில் அடிப்பா!" கடைசியாகச் சொன்னேனே, அது தங்கராசு. இப்போது தலையைக் குனியாதீர்கள் அண்ணே, உங்களைவிட அதிகம் சொன்னவன் நான். பெரம்பலூரில் ஏறிய நகைச்சுவை விக்கிரமங்கலம் வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் போனது.

இப்போது நான் சொல்லப்போவது சிரிப்பில்லை.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. விக்கிரமங்கலத்தில் ஒரு பெண் ஏறினார். கைப்பையோடு மூன்றாவது இருக்கையில் அமர்ந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியவர் படம் கிடையாது, அங்கேயும் ஓநாய் படம்தான். யாரோ பின்னாலிருந்து கேட்டார், எத்தனை விக்டர் என்று. நான் மேடைக்காரன் இல்லையா? கூட்டத்தைக் கண்டால் குரல் தானாக ஏறுமே! "எட்டரை விக்டர்! என் கண்விக்டருங்களா, எல்லாரும் உள்ள தள்ளிப் போங்க!" என்றேன். வண்டியே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பெண் எழுந்தார்.

"நிறுத்துங்க. எறங்கணும்."

"இங்க ஸ்டாப் இல்லம்மா."

"அந்தப் பொத்தகத்த எழுதுனது நான்தான். நிறுத்துங்க."

தங்கராசு வண்டியை நிறுத்தினார். சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகிற சாலை. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அந்த வெள்ளைப் புழுதியில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதாமலே எடுத்துவிட்டேன். தங்கராசு தானாகவே வண்டியை எடுத்தார்.

அவமானப்பட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்! படிப்பவன் என்று பேர் வாங்கியவன் நான், வாசகர் வட்டத்து வாயாடி நான். பக்கத்து ஊர்ப் பெண் எழுதிய முதல் புத்தகத்தை எடுத்து நாலு பேர் நடுவில் கிழித்துக் காற்றில் விட்டவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்துக்குப் போனேன். வெற்றிச்செல்வி அங்கே ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறார். பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவி என்று வருகிற மனுக்களையெல்லாம் தட்டித் தருகிறவர். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன மனு?"

"மனு இல்லம்மா. மன்னிப்பு கேக்க வந்தேன்."

"அதுக்கு இங்க டோக்கன் குடுக்குறதில்ல."

சரியான பதில்தான், எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் நின்றேன். கூட்டமெல்லாம் போகும்வரை நின்றேன். கடைசியில் அவராகவே பேசினார்.

"மொதல்ல எழுதுனது நம்ம ஊரு கதைண்ணே. மக்காச்சோளக் காடு, பனைமரம், நரி. பையன் பேரு மணி. நரியா மாறிடுவான். பதிப்பகத்துல போன் பண்ணாங்க. 'நரியெல்லாம் யாரும்மா வாங்குவா? ஓநாய் போடுங்க, பனி போடுங்க, பைன் மரம் போடுங்க, அப்பதான் விற்பனை ஆகும்'னாங்க. தெனம் எத்தனை மனுவுல பேரு மாத்துறவ நான்! ஒரு தட்டு தட்டுனா புத்தகம் முழுக்க மாறிடும். தட்டுனேன். நரி ஓநாய் ஆச்சு, பனை பைன் ஆச்சு, மணி விக்டர் ஆனான். 'விக்டர்க்கு', 'விக்டர்யை'ன்னு அசிங்கமா வந்துச்சு. அத மட்டும் உக்காந்து ஒண்ணொண்ணா சரி பண்ணேன். முழுசா ஒருவாட்டி படிச்சுப் பாக்க மனசு வரல."

"ஏம்மா?"

"அது என் கதை இல்லியேண்ணே."

"பழசு இருக்கா?"

"அது மேலயே சேமிச்சிட்டேன். போச்சு." பிறகு சொன்னார், "இனிமே எழுதமாட்டேன். செல்லப்பன் ஐயா கூப்பிட்டாருன்னு விழாவுக்கு வரேன். எல்லாத்தையும் ஒரேயடியா வாங்கிக் கட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

மக்களே, இதுதான் இன்றைய நிலவரம். ஐயாவுக்குக் கடிதமே எழுதிவிட்டார். இன்று மாலை இந்தக் கூட்டம் முடிவதோடு, தன் எழுத்தும் முடிகிறது என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் ஐயாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நான் இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள், நம் மண்ணில் ஒரு எழுத்தாளர் இருப்பாரா, இல்லையா என்பது தெரிந்துவிடும். அதனால்தான் தங்கராசு அண்ணே, சீக்கிரம் முடி என்று சைகை காட்டாதீர்கள். இன்று நான் எந்த நிறுத்தத்தையும் விடப்போவதில்லை!

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை சிரிக்க எடுக்கவில்லை, தேட எடுத்தேன். நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தில் கடல் சிப்பி கிடைக்கிறதே, கடல் எங்கே, அரியலூர் எங்கே? ஆனாலும் கிடைக்கிறதே! அப்படித்தான் கிடைத்தது. பனி கொட்டும் ஊரில் விக்டர் பைன்மரத்தில் ஏறி நுங்கு வெட்டுகிறான்! லில்லி பைன்மரத்தடியில் பனம்பழம் பொறுக்குகிறாள்! 'பனை' மாறிவிட்டது, 'பனம்' தப்பிவிட்டது! பனிப்புயல் அடிக்கிற ஊரில் அவன் அம்மா கூரைமேல் மிளகாய் காயப்போடுகிறாள். அம்மா இல்லை என்றேனே, இருக்கிறாள்! உறுமலுக்கு நடுவில் ஒரே ஒரு வரியில், மகன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிவிட்டு, "காட்டுக்குப் போனா செருப்ப போட்டுக்கிட்டுப் போடா" என்கிறாள். நாலுகாலில் ஓடுகிற மகனிடம் செருப்புப் போடச் சொல்கிற தாய்! லில்லி சொல்கிறாள், "இன்றைக்கு நான் ஓநாய் முகத்தில் விழித்தேன்." ஓநாய் முகத்தில் விழித்தால் என்ன வரும்? ஒன்றும் வராது! நரி முகத்தில் விழித்தால்? அதிர்ஷ்டம் வரும்! யாருக்காவது நல்லது நடந்தால் நாம் என்ன கேட்போம்? ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள்! "நரி முகத்துல முழிச்சியா?" நரியாக மாறுகிறவனைக் காதலிக்கிற பெண், தினமும் காலையில் முதல் முகமாக அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். ஊருக்கு அவன் விலங்கு, அவளுக்கு அவன் அதிர்ஷ்டம். அடடா, அடடா! இதைவிட ஒரு காதல் உண்டா? ஒரு சொல்லை மாற்றியதும் அந்தக் காதல் செத்துப்போய்விட்டதே!

இன்னும் இருக்கிறது. எழுபதாம் பக்கத்தில், "இப்படி நடக்கும் என்று அவள் கற்பைன்கூடச் செய்யவில்லை." கற்பைன்! நான் அகராதியைத் தேடினேன். அகராதியில் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. கற்பனை! கற்பனைக்குள்ளே ஒரு பனை இருந்திருக்கிறது! விற்பனைக்குள்ளும் ஒரு பனை இருந்திருக்கிறது! விற்பனை ஆக வேண்டும் என்று பனையை வெட்டச் சொன்னார்கள். வெட்டியதும் என்ன ஆனது? கற்பனையும் சேர்ந்து சாய்ந்தது! கேட்பவர் கேட்கிறார் என்பதற்காக நம் பனையை வெட்டினால், கற்பனை எங்கே நிற்கும்? நம் மண்ணை மறைத்தால் மனசு எங்கே நிற்கும்? நம் மணியை மாற்றினால் நேரம் எப்படித் தெரியும்?

ஏமாந்தேன், ஆம். பொய் சொல்லமாட்டேன் தங்கச்சி, இந்தப் புத்தகம் என்னை ஏமாற்றியது. அச்சில் வந்திருப்பது நல்ல புத்தகம் இல்லை. ஆனால் கெட்ட எழுத்தைப் படித்து நான் ஏமாறவில்லை. நல்ல எழுத்து ஒன்று அதற்குள் மூச்சுத் திணறிக் கிடக்கிறது, அதை என்னால் படிக்க முடியவில்லையே என்றுதான் ஏமாந்தேன்.

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்துக்கு வாருங்கள். கதையின் உச்சம். ஊர்க்காரர்கள் கம்பும் தீவட்டியுமாக ஓநாயை வளைத்துவிட்டார்கள். தகரத்தைத் தட்டுகிறார்கள். பனி ஊரில் தகரம் எங்கிருந்து வந்தது? தெரியும் உங்களுக்கு, நரி விரட்டுகிற சோளக்காட்டிலிருந்து வந்தது! பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் மனிதனாவான். கூப்பிடாவிட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். லில்லி ஓடிவருகிறாள். கால் இடறுகிறது, எழுந்து ஓடிவருகிறாள். இந்த ஒரு பக்கத்தில் அவள் மயங்கவே இல்லை! கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறாள். கத்துகிறாள்.

என்ன கத்துகிறாள்? "விக்டர்" என்றா? இல்லை மக்களே, இல்லை! அச்சில் இருப்பதை அப்படியே படிக்கிறேன். இதோ என் கையில் புத்தகம்.

"மணீ!"

மணீ! நெடில்! கணினி 'மணி'யைத் தேடித் தேடி அழித்தது. 'மணீ'யை அதற்குத் தெரியவில்லை! பக்கம் பக்கமாகப் போய், பத்தி பத்தியாகப் புகுந்து, பேரை அழித்த இயந்திரம், அந்தப் பேரை ஒருத்தி வாய்விட்டுக் கூப்பிட்டபோது தோற்றுப்போனது! அதற்குப் பேர் தெரியும், கூப்பிடத் தெரியாது! மறுநாள் பேருந்தின் பின்படியில் நின்றுகொண்டு அந்த வரியைப் படித்து நான் அழுதேன். பதினேழு வருசத்தில் முதல்முறையாக ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டேன். இறங்க வேண்டிய சுந்தராம்பாள் அம்மா திட்டாத திட்டில்லை. "என்னாத்தப் படிச்சித் தொலைக்கிற?" என்றார். படித்துக் காட்டினேன். நின்று கேட்டார். அப்புறம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தன் ஊரைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

தங்கச்சி, மணி போய்விட்டான் என்றாயே. போகவில்லை. உன் கண்ணுக்குப் படாமல், இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒளிந்துகொண்டு, நீ வந்து கூட்டிப்போவாய் என்று நிற்கிறான். ஊருக்கு நடுவில் நான் செய்த தப்புக்கு, இந்த மேடையில், ஊர் நடுவிலேயே கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுது.

இன்னும் மின்விசிறியைத்தான் பார்க்கிறாயா?

சரி. மக்களே, அந்த விதியை மனசில் முடிந்து வைக்கச் சொன்னேனே, அவிழ்த்து எடுங்கள்! பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வருவார்கள். அவ்வளவுதானே விதி? குறிலில் வேண்டாம், நெடிலில் கூப்பிடுங்கள்! இயந்திரத்துக்குத் தெரியாத அந்த நெடிலில் கூப்பிடுங்கள்! பெரம்பலூர் கூப்பிடட்டும்! மீன்சுருட்டி கூப்பிடட்டும்! படியில் நிற்பவர்களும் கூப்பிடட்டும்!

வெற்றிச்செல்வீ!

இன்னும் ஒருமுறை! வெற்றிச்செல்வீ!

எழுந்துவிட்டார்! எழுந்து நிற்கிறார்! கொஞ்சம் அமைதி, கொஞ்சம் அமைதி, கைதட்டாதீர்கள், ஏதோ கேட்கிறார்.

"அண்ணே, மறுபடி எழுதுனா பஸ்ல படிச்சிச் சிரிப்பீங்களா?"

படிப்பேன் தாயே! சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பேன், அழ வேண்டிய இடத்தில் அழுவேன், அதற்குத்தானே எழுதுவது! ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். கொடுங்கள் ஐயா, கம்பி எட்டும்.

"எல்லாம் அழிஞ்சிடுச்சி. மொத வரி மட்டும் ஞாபகம் இருக்கு, சொல்றேன். 'காலை ஆறு மணிக்கு மணி எழுந்தபோது, அவன் காலில் காட்டு மண் ஒட்டியிருந்தது. வாசலில் அம்மா செருப்போடு நின்றிருந்தாள்.'"

கேட்டீர்களா! கேட்டீர்களா மக்களே! இதைத்தானே நான் மூன்றாம் பக்கத்தில் தேடினேன்! செல்லப்பன் ஐயா சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுக்கிறார். வெற்றிச்செல்வியிடமே திருப்பிக் கொடுக்கிறார். கடிதம் கொடுத்தே பழகிய கை, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறது! வாங்கிக்கொண்டார். மடித்துப் பையில் வைக்கவில்லை, பின்பக்கம் திருப்புகிறார். பேனா கேட்கிறார். யாரிடமாவது பேனா இருக்கிறதா? அந்த வரியை எழுதிக்கொள்கிறார் மக்களே, மறந்துவிடக் கூடாது என்று எழுதிக்கொள்கிறார்!

இதற்குமேல் நான் பேசினால் அதிகப்பிரசங்கி. பொறுத்திருந்த தலைவருக்கு நன்றி. கூப்பிட்ட குரல்களுக்கு நன்றி. காணாமல் போன சொல்லைக் கண்டுபிடித்த மலர்க்கொடி அக்காவுக்குக் கோடி நன்றி. கடைசி வரிசையில் தங்கராசு அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். எத்தனை ஆச்சு? கேட்கவில்லை, யாராவது சத்தமாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது வரிசை எழுந்திருக்கிறது. மலர்க்கொடி அக்கா எழுந்திருக்கிறார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிறார். முப்பத்தொரு வருசமாகச் சொல்லாத வாய் திறக்கிறது.

"மணி ஆறு தம்பி!"

மணி ஆறு! கேட்டுக்கொள்ளுங்கள், மணி ஆறு! எல்லாருக்கும் என் வணக்கம்!